வெறுங்கை

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் காரைவிட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்: "உங்க கதவுக்கு அம்மை போட்டிருக்கு."

குழாயடியில் குந்தி ஒரு மட்கார்டைத் தண்ணி விட்டு உப்புப் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பட்டறையில் அவளுக்கு அதுதான் பெயர். தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிடப் பத்து வயது மூத்த வாத்தியாரும் அக்கா என்றே கூப்பிட்டார். பெயிண்ட் அடிப்பது தம்பி. அதற்கு முன்னால் தகட்டைத் தேய்த்து, கழுவி, துடைத்து, பெயிண்ட் அடிக்கிற கன் பிடிக்கும் பக்குவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அக்கா. இரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

"எந்தக் கதவு?" என்றாள்.

"எந்தக் கதவுன்னா? என் கார்ல எல்லாக் கதவும் உங்க கைபட்டதுதான். கடைசியா மாத்தினது. ஓட்டக் கத்துக்க வந்த ஒரு அம்மா கேட் தூணுக்கு முத்தம் குடுத்தாங்களே, அந்தப் பக்கம்."

கை பட்டது என்று அவர் சும்மாதான் சொன்னார். அக்கா கையிலிருந்த பேப்பரைத் தண்ணீரில் போட்டாள்.

தம்பி உள்ளேயிருந்து வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. அவன் பெண்டாட்டி அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டு, அதற்கும் அவன் பதில் சொன்னதில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்தான். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, வெள்ளைப் பெயிண்ட் அங்கங்கே பொரிந்து எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் அழுத்தினான். உடைந்து, பழுப்பாகத் தூள் உதிர்ந்தது.

"துரு," என்றான். அன்று காலையிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

அக்கா எழுந்து வரவில்லை. குழாயடியிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. மேலே நான்கு கொத்து, வரிசையாக. பக்கத்தில் தள்ளி, தாழ்வாக, இன்னொன்று. அவற்றுக்குக் கீழே கடுகு கடுகாகப் பொடிக் கொப்புளங்கள் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. மேலே இருந்த நான்கில் மூன்றாவது மட்டும் வரிசையைவிட்டுச் சற்றே விலகிச் சாய்ந்திருந்தது. அவளுடைய வலதுகை மோதிர விரலும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். ஆறு வயதுத் தம்பி கோபத்தில் அறைக்கதவை அடித்துச் சாத்தியபோது நிலையில் மாட்டிக்கொண்ட விரல் அது.

அவள் தன் கையைப் பார்த்தாள். கை தெரியவில்லை. உள்ளே ஒரு மெல்லிய உறை, அதன்மேல் முழங்கைவரை வரும் நீல ரப்பர் உறை.

"மூணே மாசங்க," என்றார் வாத்தியார். "நான் பழைய கதவா வாங்கிக் குடுத்தேன்? பெட்டி பிரிக்காத புதுக்கதவு. மூணு மாசத்துல மூஞ்சி முழுக்கப் பரு."

தம்பி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "கலவை தப்பு. பிரைமர்ல அது இறுகறதுக்கு ஊத்துற ஹார்ட்னர் கம்மியாயிருக்கும். என் தப்புதான். நாலு நாள் விட்டுட்டுப் போங்க."

"நாலு நாளா? ஏழு பேர் கத்துக்க வராங்க எனக்கு."

"இன்னொரு கார் இருக்குல்ல?"

"இருக்கு. அதுல பிரேக் என் பக்கம் மட்டும்தான் பிடிக்கும்."

"அது நல்லதுதானே," என்றாள் தம்பியின் மனைவி. பட்டறைக்குப் பின்பக்கம்தான் வீடு. டீத்தம்ளர்களோடு அவள் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "ஆமா, யாரு கலவை தப்பு? உங்க கலவையா? சாப்பாட்டுல ஒரு கல் உப்பு கூடிப்போனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறவரு, உங்க கலவையே தப்பாப் போச்சா?"

தம்பி டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

*

புதுக் கதவு வரும்போது கறுப்பாகத்தான் வரும். பார்க்கிறவர்கள் அதைப் பெயிண்டுக்கு அடியில் போடும் பிரைமர் என்று நினைத்துக்கொள்வார்கள். சிலதில் அது பிரைமர்தான். தொழிற்சாலையிலேயே தகட்டோடு பிடித்த பூச்சு, லேசாகத் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். சிலதில் அது வெறும் பயணப் பூச்சு. கப்பலிலும் லாரியிலும் வருகிற நாட்களுக்குத் துருப்பிடிக்காமல் இருந்தால் போதும் என்று ஒப்புக்குப் பூசியது. எது என்ன என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு துணியில் தின்னரைத் தொட்டு மூலையில் தேய்த்துப் பார்க்கவேண்டும். துணி கறுத்தால், அந்தப் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு வெறும் தகட்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான்.

மூன்று மாதம் முன்னால், வாத்தியாரின் கதவில் துணி கறுத்தது. அக்கா ஒன்றரை நாள் தேய்த்து எடுத்தாள். மடிப்புகளில், கீல் பொருந்துகிற மூலைகளில், அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைச் சுற்றி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எல்லாம் தேய்த்தாள். கழுவி, காற்றடித்து உலர்த்தி, ஈரத்துணியால் ஒரு தடவை, உடனே உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தாள். அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. வெறும் தகடு பிறந்த பிள்ளை மாதிரி. காற்றுப் பட்டாலே அதற்கு ஆகாது, ஈரக்காற்று என்றால் ஒரு மணி நேரத்தில் பழுப்பேற ஆரம்பிக்கும். அதற்குள் பிரைமர் மேலே உட்கார்ந்துவிடவேண்டும்.

ஆனால் பிரைமரையும் கலந்தவுடன் அடிக்கமுடியாது. பத்து நிமிஷம் ஊறவேண்டும்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அது நடந்தது.

அக்காவின் கை துருக்கை. அவள் கட்டிக்கொண்டு போன வீட்டில் வைத்த பெயர். புருஷனுக்குத் தையல் மிஷின் ரிப்பேர் கடை. கல்யாணமான புதிதில் ஊசிகளையும் பாபின்களையும் எண்ணெய்த்தாளில் சுற்றிவைக்க உதவினாள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளி. முதலில் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்திலும் அவள் காம்பஸ் ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிடும். டாக்டரிடம் காட்டினார்கள். சிலருக்கு வியர்வையில் உப்பு கூடுதல், சீக்கெல்லாம் இல்லை என்று அவர் சொன்னது அந்த வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. ஊசியைத் தொடாதே என்றார்கள். பிறகு மிஷினைத் தொடாதே. பிறகு பீரோவின் கைப்பிடியை, பூட்டை, பாத்திரத்தை. கடைசியில் ஒரு நாள் புருஷன் தூக்கத்தில் தோளிலிருந்து அவள் கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். தூக்கத்தில்தான். ஆனாலும் அவள் விடியும்வரை அந்தக் கையை அவன் வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள். அடுத்த வாரம் பிறந்த வீட்டுக்கு வந்தபோது பெட்டிகூட எடுத்துவரவில்லை.

தம்பி ஒன்றும் கேட்கவில்லை. பட்டறைக்கு வரச் சொன்னான். உறையை அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டாக. பட்டறையில் மட்டுமல்ல, வீட்டிலும்.

வாத்தியாரின் கதவைத் துடைத்து முடித்த அன்று, தம்பி பிரைமரைக் கலந்து வைத்துவிட்டுக் கன்னுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசரைப் பார்க்கப் போனான். கதவு ஸ்டாண்டில் நின்றது. மத்தியான வெளிச்சம் கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக அதன்மேல் விழுந்தது. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, எந்த நிறமும் இன்னும் ஏறாத தகடு. அவள் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்தது. அதற்குள் ஒரு மங்கலான உருவமாக அவளே தெரிந்தாள். உறையை எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள். கிணற்றுநீர் போலக் குளிர்ச்சி. எத்தனையோ நாளாக எதன் மேலும் அப்படி வைத்ததில்லை. எத்தனை மூச்சுக்கு வைத்திருந்தாள் என்றும் தெரியாது.

காலடி கேட்டது. கையை எடுத்தாள். உறைகளை மாட்டினாள். தம்பி கன்னோடு வந்து நின்றான். 'ஒரு நிமிஷம், இன்னொரு தடவை துடைச்சிடறேன்' என்று சொன்னால் போதும். துணி அவள் தோளில்தான் கிடந்தது. ஏன் என்று கேட்டால்? அவள் நகர்ந்துகொண்டாள். தம்பி அடித்தான். சாம்பல் நிறப் பிரைமர் அந்தக் கையின்மேல் சீராகப் படிந்து மூடியது.

*

வாத்தியார் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பதுதான் அவர் தொழில். இரண்டாம் நாள் பேக்கரி வேன்காரர் வந்தார். வேனைப் போன வாரமே விட்டிருந்தார், இன்னும் கைவைக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி," என்றார். "இப்ப அவசரம் ஒண்ணும் இல்லை. அப்பறமா பாத்துக்கலாமே."

"வாத்தியார் ஏதாவது சொன்னாரா?" என்று தம்பியின் மனைவி நேராகக் கேட்டாள்.

"சே, சே. கலவையில ஏதோ… அவரு பொதுவா சொன்னாரு."

தம்பி சாவியை எடுத்துக் கொடுத்தான். வேன் பின்னால் போகும்போது சுவரில் இடிக்காமல் நின்று கைகாட்டி அனுப்பினான். திரும்பி வந்து, காலியான இடத்தைக் கூட்டினான்.

அன்று மாலை கொடியில் துணி எடுக்கும்போது தம்பியின் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அவள் குரல் தாழ்ந்தால் விஷயம் பெரிது.

"அண்ணி, அந்தப் பெரிய கார் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். இவரு விசாரிச்சிருக்காரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொன்னா நான் ஏன் உங்ககிட்ட வரேன்? பட்டறையை மூடிட்டு அங்க போய் நிக்கலாம்னு பாக்கறாரோ என்னவோ. பதினாலு வருஷம் அண்ணி. ஒரு கார் திரும்பி வந்ததில்லை. இந்த மனுஷன் கலவையில தப்புப் பண்ணினாருன்னு நான் நம்ப மாட்டேன். கடைக்காரன் மட்டமான கதவைத் தலையில கட்டியிருப்பான். நாளைக்கு நானே போய் அவன நாலு வார்த்தை கேக்கறேன்."

"வேண்டாம்," என்றாள் அக்கா.

"ஏன்?"

அக்கா ஒரு சட்டையை மடித்தாள். பிறகு அதே சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். தொடாதே என்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் நடக்கிற பக்கம் ஒரு கண் வந்துகொண்டே இருக்கும். அவள் கழுவிய தம்ளரை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஒரு வீட்டில் அதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லை," என்றாள். "கதவை நாளைக்கு நான் தேய்க்கிறேன். தேய்ச்சா எல்லாம் போயிடும்."

*

சொன்னதுபோலவே எல்லாம் போய்விடும். அதுதான் மூன்றாம் நாள் காலையில் அவளை உட்காரவைத்துவிட்டது. கதவைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று. எண்பதாம் நம்பர் பேப்பர் கையில். பத்துத் தேய்ப்பு போதும். கொப்புளம் உடைந்து, விரல்கள் கலைந்து, வெறும் துருத்தூளாகத் தரையில் உதிரும். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை, காட்ட அடையாளமில்லை. தப்பு தம்பியின் கலவைமேல் நிற்கும். அவன் அதைச் சுமந்துகொண்டு கம்பெனி வாசலில் போய் நிற்பான்.

அவள் பேப்பரை ஒரு பக்கம் மடித்தாள். மறுபக்கம் மடித்தாள். தம்பி உள்ளே டப்பாக்களைத் துடைத்து அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுக்கியதையே திரும்ப அடுக்கினான் போலிருந்தது. கூரையில் ஒரு சிறு மழை பெய்து நின்றது.

மத்தியானம் தம்பியின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். சோறு, குழம்பு, ஆளுக்கொரு முட்டை.

"இன்னும் ஆரம்பிக்கலையா அண்ணி? காலையிலேருந்து கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி."

"அவனைக் கூப்பிடு," என்றாள் அக்கா.

தம்பி வந்தான். அக்கா எழுந்து நின்றாள். நீல உறையைக் கழற்றிக் கீழே போட்டாள். உள்ளுறை வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பல்லால் இழுத்துக் கழற்றினாள். வெளுத்துச் சுருங்கிப் போயிருந்த கை. அதைக் கதவின்மேல் வைத்தாள்.

ஒவ்வொரு விரலும் அதனதன் கொப்புளத்தின்மேல் உட்கார்ந்தது. சாய்ந்த விரல் சாய்ந்த இடத்தில். கட்டைவிரல் தள்ளியிருந்த இடத்தில்.

தம்பியின் மனைவி பேசாமல் நின்றது அந்த வீட்டுக்குள் வந்தபிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும். சாப்பாட்டுத் தூக்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"கலவை தப்பில்லை," என்றாள் அக்கா. "துடைச்சதுக்கு அப்பறம் நான் தொட்டேன். வெறுங்கையால. என் கைபட்டா இரும்பு துருப்பிடிக்கும். அந்த வீட்டுல அதனாலதான்… தொட்டுட்டு, சொல்லாம இருந்துட்டேன்."

"ஏன் அண்ணி தொட்டீங்க?"

அக்கா யோசித்தாள். "தெரியலை," என்றாள். "நல்லா இருந்துது."

தம்பியின் மனைவி அந்த ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப வீட்டுல பாத்திரம் தேய்க்கும்போதுகூட உறை போட்டுக்கிட்டது இதுக்குத்தானா?" என்றாள்.

"ம்."

"அடப் பாவமே. ரெண்டு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? நான் கழுவி வெச்ச பாத்திரத்தைத் தொட உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு. எங்கம்மாகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

தம்பி கதவைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே. கன்னை எடுத்துக்கிட்டு வந்தேன்ல. நீ கைய வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தே. வாசல்லயே நின்னேன் கொஞ்ச நேரம். அப்பறம் வேணும்னே காலைத் தேய்ச்சு நடந்து வந்தேன்."

"பாத்துட்டுமா மேல அடிச்சே?"

"துடைன்னு சொல்லியிருக்கணும்." அவன் நிறுத்தினான். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க அவனுக்கு நேரமாகும்; இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். "சொன்னா, அந்த வீட்டுல உன்னைத் தொடாதே தொடாதேன்னாங்களாமே, அது மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். அதான் சொல்லலை. அடிக்கத் தெரிஞ்சவன் பாத்துக்கிட்டே அடிச்சேன். அப்ப யாரு தப்பு? கலவைன்னு சொன்னது பொய்யி. என் தப்புன்னு சொன்னது பொய்யில்லை."

"நல்லாயிருக்கு," என்றாள் அவன் மனைவி. "அக்கா ஒரு கல்லுளிமங்கி, தம்பி ஒரு கல்லுளிமங்கன். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு ரெண்டு பேரும் பூட்டி வெச்சுக்கிட்டு, நடுவுல ஒரு கதவு வெந்து போச்சு. அந்தக் கம்பெனி?"

"எந்தக் கம்பெனி?"

"ஆள் எடுக்கறாங்கன்னு விசாரிச்சீங்களே!"

"அங்க துடைக்கிற துணி எங்க வாங்கறாங்கன்னு கேட்டேன்," என்றான் தம்பி.

அவள் தலையில் அடித்துக்கொண்டு தூக்கைத் திறந்தாள். "உக்காருங்க ரெண்டு பேரும். சோறு ஆறிப்போச்சு." மூன்று தட்டில் பரிமாறினாள். அக்கா உறையைத் தேடியபோது, "கையால சாப்பிடுங்க அண்ணி," என்றாள். "முட்டை துருப்பிடிக்காது."

*

வாத்தியார் சாயங்காலம் கார் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். அக்கா முந்திக்கொண்டாள். கலவையில் ஒரு குறையும் இல்லை, தப்பு தன் கைமேல் என்று சொல்லி, கையைக் காட்டினாள். கதவில் இன்னும் தேய்க்காமல் விட்டிருந்த அடையாளத்தையும் காட்டினாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தன் கையையும் மேலே வைத்துப் பார்த்தார், பெரிதாக இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டக் கத்துக்குடுக்கறேன்," என்றார். "இடிச்சுட்டு எல்லாரும் என்ன சொல்வாங்க தெரியுமா? தூண் குறுக்க வந்துடுச்சும்பாங்க. நான்தான் இடிச்சேன்னு ஒருத்தர் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"பேக்கரிக்காரர்கிட்ட…" என்றாள் அக்கா.

"இப்பவே போறேன். கலவை தங்கமான கலவைன்னு சொல்றேன். ரொட்டி வாங்கற சாக்குல போனா சரியாப் போச்சு." இரண்டு அடி போனவர் திரும்பினார். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? என் மச்சான் கை பட்டா எந்தக் காரும் ஸ்டார்ட் ஆகாது. அதுக்கும் ஏதாவது உறை இருக்கா?"

*

நான்காம் நாள் வெயில் வந்தது. அக்கா முந்தின நாள் மாலையே ஆரம்பித்து, வெள்ளையை எடுத்து, சாம்பலை எடுத்து, துரு தின்ற இடத்தில் குழிக்குள் கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் சுரண்டி, கழுவிக் காற்றடித்து நிறுத்தினாள். விரல்கள் இருந்த இடத்தில் தகட்டில் மிகச் சன்னமாக ஐந்து சொரசொரப்பு. பிரைமர் ஏறினால் அதுவும் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தாள். உலர்ந்த துணியால் துடைத்தாள்.

தம்பி வந்து சாய்ந்து, வெளிச்சத்தை ஓரமாக விட்டுப் பார்த்தான். தலையாட்டினான். மேஜைக்குப் போய்ப் பிரைமரை ஊற்றி, ஹார்ட்னரை அளந்து, நிதானமாகக் கலக்கினான். குச்சியை டப்பாவின் விளிம்பில் வழித்தான்.

"பத்து நிமிஷம்," என்றான், திரும்பாமலே.

வழக்கமாக அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் கம்ப்ரசரைப் பார்ப்பான். இன்று போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவன் முதுகு அவள் பக்கம் இருந்தது.

"துணி இன்னும் ரெண்டு இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"அப்ப சரி."

வீட்டுப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தமும் தம்பியின் மனைவி எதையோ திட்டுகிற சத்தமும் கேட்டன. பிறகு அதுவும் நின்றது. வெளிச்சம் மெல்ல நகர்ந்து கதவின் நடுவுக்கு வந்தது. அக்கா சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு நீல உறையைக் கழற்றி மடித்து வைத்தாள். உள்ளுறையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

தம்பி திரும்பவில்லை.

அவள் உள்ளங்கையை விரித்துத் தகட்டின்மேல் வைத்தாள். அதே குளிர்ச்சிதான். இந்தத் தடவை அவசரமில்லை. குளிர்ச்சி கைக்குள் ஏறி, கையின் சூடு தகட்டுக்குள் இறங்கி, எது எது என்று தெரியாமல் ஆகும்வரை வைத்திருந்தாள். எடுத்தபோது பனி பிடித்ததுபோல ஐந்து விரலும் உள்ளங்கையும் ஒரு நொடி தெரிந்தன. ஒன்று சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தாள். உறைகளைப் போட்டுக்கொண்டாள். ஈரத்துணியால் ஒரு தடவை. உலர்ந்த துணியால் ஒரு தடவை.

"துடைச்சாச்சு," என்றாள் சத்தமாக.

தம்பி எழுந்து கன்னை எடுத்தான்.